விளிம்புவரை ஊற்றியவர்

அவர் எதையும் குறையாக அனுப்பியவர் இல்லை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள், வேலிக் கதவில் துப்பாக்கியோடு நிற்கும் மலாய்க் காவலர்கள், தாப்பாவுக்கு இறங்கும் லாரி, காட்டுக்கு மேலே போகும் ஹெலிகாப்டர் என்று கிளம்புவது எதுவானாலும் நிறைந்து கிளம்ப வேண்டும் அவருக்கு. அதை ஒரு கொள்கை என்று சொல்ல மாட்டேன். கொள்கை என்றால் உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொள்வது. இது அவர் கையில் ஓர் அரிப்பைப் போல இருந்தது.

என் இளைய மகன் இப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான். அவன் பிரிஞ்சாங்குக்குக் கிளம்பினாலே நான் போய் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கிறேன். "முக்கால் இருக்கும்மா, விடுங்க லா" என்று எரிச்சல்படுகிறான். முக்கால் இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை முடிவாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் அந்த மனிதர்தான்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் கணவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்று தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். மலைகளுக்கு அந்தப் பக்கம், அடர்காட்டின் நடுவில், அரசாங்கம் சின்னச் சின்னக் கோட்டைகள் கட்டி ஆட்களை வைத்திருந்தது. அங்கே போகச் சாலை கிடையாது. ஹெலிகாப்டர்தான் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கும், அடிபட்டவர்களைத் தூக்கி வரும். ஆனால் அந்தக் காலத்து ஹெலிகாப்டர் சின்னது. சமவெளியிலிருந்து கிளம்பி, மலையேறி, காட்டுக்குள் போய்த் திரும்புகிற அளவுக்கு அதன் தொட்டி கொள்ளாது. பாதி வழியில் எங்காவது இறங்கிக் குடித்தாக வேண்டும். அந்தப் பாதி வழி எங்கள் தோட்டம்.

மேல்பிரிவில் ஒரு முகட்டை வெட்டிச் சமப்படுத்தினார்கள். இரண்டு கூடாரம், ஒரு வெள்ளைக்காரக் கோப்பரல், இரண்டு சிப்பாய்கள், அடுக்கி வைத்த பீப்பாய்கள். படைப்பிரிவு என்று இருந்தது அவ்வளவுதான். எண்ணும் எழுத்தும் கலந்து அதற்கு ஒரு பெயர்கூடப் பலகையில் எழுதி நட்டிருந்தார்கள். தோட்டத்தில் நாங்கள் எண்ணெய்க் கொட்டாய் என்றுதான் சொன்னோம். ஹெலிகாப்டருக்கு லயத்துப் பிள்ளைகள் தட்டான் என்று பேர் வைத்தார்கள். வெள்ளைக்காரர்களும் தங்கள் மொழியில் அதே பேரைத்தான் வைத்திருந்தார்கள் என்று பிறகு கோப்பரல் சொல்லித் தெரிந்தது.

பீப்பாய் உருட்டவும் எண்ணெய் இறைக்கவும் தோட்டத்து மேனேஜரான துரை தன் ஆள் ஒருவரைக் கொடுத்தார். அதற்கு முன்பு அவர் தேயிலை ஆலையில் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். குட்டையானவர். தோள் மட்டும் அகலம். கொட்டாய்க்குப் போனபின் தோட்டம் முழுவதும் எண்ணெய்க்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

எண்ணெய் தாப்பா சடக்கில், மலைக்கு ஏறும் அந்த ஒரே சாலையில், ராணுவ லாரி வரிசையோடு வரும். மண் சரிந்தாலோ வழியில் சுட்டாலோ வராது. அப்போது பெரிய விமானம் ஒன்று வந்து வட்டமடித்துத் தகரங்களைப் பாராசூட்டில் போட்டுவிட்டுப் போகும். ஒருமுறை காற்று தள்ளிவிட்டுத் தகரங்கள் கொழுந்துக் காட்டில் வந்து விழுந்து நசுங்கின. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர் எதிர்ப்பக்கமாக ஓடினார். உடைந்த தகரங்களில் மிச்சம் கிடந்ததை ஒன்றுசேர்த்து ஒரு முழுத் தகரமாக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

ஹெலிகாப்டர் எண்ணெய் என்பது ஒருவகைப் பெட்ரோல், வெளிர்பச்சையாக இருக்கும். கைப்பம்பால் இறைத்து, மெல்லிய தோல் விரித்த புனல் வழியாகத் தொட்டிக்குள் விடுவார்கள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு பித்தளைக் கம்பி உண்டு. கோப்பரல் அதில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது. எங்கள் மலையில் காற்று மெல்லியது. தொட்டி நிறைந்தால் கனம் தாங்காமல் இயந்திரம் எழும்பாது. கோப்பரல் இதைச் சொல்லச் சொல்ல, என் கணவர் எண்ணெய்க்காரருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

"தலைய ஆட்டுனாரு. ஆனா காதுல ஏறுன மாதிரி தெரியல" என்றார் என் கணவர் வீட்டுக்கு வந்து.

ஏறவில்லைதான். கோப்பரல் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு தகரம் கூடப் போகும். "கோடு கோப்பரலுக்கு. வயிறு மெஷினுக்கு. காட்டுக்கு மேல போறான், வழியில கடையா இருக்கு?" என்பார். முகட்டின் விளிம்பில் நிலம் சரேலென்று இறங்கும். ஹெலிகாப்டர் அந்த விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் சாய்ந்து வேகம் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் தனியாகப் போகும்போது கொஞ்சம் கூடுதல் இருந்தாலும் சமாளித்துவிட்டார்கள். அதனால் அவருடைய கை அடங்கவே இல்லை.

கெடுத்தது ஒரு பைலட்தான் என்று என் கணவர் சொல்வார். ஒரு நாள் காட்டுக்குள் போன அந்த பைலட் மேகத்தில் மாட்டி, இறங்க இடம் தெரியாமல் வெகுநேரம் சுற்றிவிட்டுத் தட்டுத்தடுமாறி எங்கள் முகட்டில் வந்து இறங்கினார். கம்பியை விட்டுப் பார்த்தால் நுனி மட்டும் நனைந்தது. கோட்டளவு மட்டும் ஊற்றியிருந்தால் அவர் காட்டில் விழுந்திருப்பார். நேரே வந்து எண்ணெய்க்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி ஒரு டின் சிகரெட் கொடுத்தார். இவர் சிகரெட்டைக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டு, டின்னில் வாய்வரை சீனி போட்டு வைத்துக்கொண்டார்.

எண்ணெய் மட்டும் என்றால் பரவாயில்லை. காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு முன்பு வேலிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு வாளிக் கஞ்சியோடு நிற்பார். வெளியே ஒரு பருக்கை கொண்டுபோக முடியாத காலம் அது. கதவில் பெண்களின் கூடை, இடுப்பு, முந்தானை எல்லாம் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள்.

"குடிச்சிட்டுப் போ தாயி."

"வேணாம்ணே. இப்பத்தான் தேத்தண்ணி குடிச்சேன்."

"தேத்தண்ணி மலையேறுமா? குடி."

"என்னைய என்ன பீப்பாய்னு நெனச்சீங்களா?"

"பீப்பாயின்னா உருட்டி விட்டுருவேனே. நீ நடக்கணும்ல?"

பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே குடிப்பாள். "வயித்துக்குள்ள கொண்டு போறத எந்த மாத்தாவும் தடவிப் பாக்க முடியாது" என்பார். மாத்தா என்றால் போலீஸ்காரர். அவருக்கு முன்னாலேயே சொல்வார். பிறகு அந்தக் காவலருக்கும் ஒரு கிண்ணத்தை நீட்டி, "மினும் டுலு லா" என்பார். முதலில் குடி, வேலை அப்புறம் என்று அர்த்தம். பாவம், சமவெளியிலிருந்து வந்து குளிரில் நடுங்குகிற பையன்கள். அவர்களும் குடித்தார்கள்.

அந்தக் கஞ்சி அவர் வீட்டுக்கு அளந்து கொடுத்த பங்கு அரிசி. அவர் மனைவி என்னிடம் வந்து நிற்பாள். "ஊருக்கெல்லாம் வயிறு நெறையுது டீச்சரம்மா. எம் பானையிலதான் செவப்புக் கோடு போட்டு வச்சிருக்காரு."

யாரோ இதைப் பிரிஞ்சாங் போலீஸ் அதிகாரி ஒருவர் காதில் போட்டார்கள். பங்கு அரிசியை ஒருவன் இப்படிக் கொட்டிக் கொடுக்கிறான் என்றால் அவனுக்கு வேறெங்கிருந்தோ அரிசி வருகிறது என்று அவர் நினைத்தார். நினைத்ததில் தப்பில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பகல் முழுக்க விசாரித்தார்கள். நாங்கள் பயந்து போயிருந்தோம். அந்த நாட்களில் அப்படிப் போன சிலர் வருடக்கணக்கில் திரும்பவில்லை.

அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு இவர் சொன்ன பதில் பிறகு தோட்டம் முழுக்கப் பரவியது. "எம் பொண்டாட்டிகிட்ட கேளுங்க தொரை. அவதான் தெனமும் என்னைய இதே கேள்விய கேக்குறா."

எங்கள் துரை பேசி அவரை விடுவித்தார். அதே ஜீப்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டது. இறங்கியவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, ஜீப்பின் முன்மூடியைத் திறக்கச் சொல்லி, ரேடியேட்டரில் ஊற்றி நிரப்பி அனுப்பினார்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். பக்கத்தில் இருந்தவர்களுக்கு எரிச்சலும் உண்டு. என் கணவர் தாப்பாவுக்குக் கிளம்பினால் வழிமறித்து, "கிராணியய்யா, பேனாவுல மசி இருக்கா?" என்பார். ஒருமுறை கோயில் திருவிழாவில் விளக்குக்கு எண்ணெய் விடும் பொறுப்பை அவரிடம் விட்டார்கள். எல்லா விளக்கும் வழிந்து, தரையெல்லாம் எண்ணெய். தட்டோடு வந்த பூசாரி வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வெளக்கு அணையலையே" என்றார் இவர்.

என் மூத்த மகளிடமும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வராத பிள்ளை. தட்டான் பார்க்கிறேன் என்று அப்பாவோடு கொட்டாய்க்குப் போவாள். வயிறு உப்பிக்கொண்டு திரும்புவாள். சீனி, பிஸ்கட், சிப்பாய்கள் கொடுத்த டின்பால்.

"அண்ணே, வீட்டுக்கு வந்து வாந்தி எடுக்குறா" என்று ஒரு நாள் கோபமாகவே சொன்னேன்.

"எடுத்தா எடம் காலியாயிருச்சுல்ல. அனுப்புங்க" என்றார்.

யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதைக்குக் கூலியாகப் போய்ப் பட்டினி கிடந்து வந்தவர், அதனால்தான் இப்படி என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் இல்ல டீச்சரம்மா. போறதுக்கு முன்னாடியே நான் இப்புடித்தான். ஜப்பான்காரன் எனக்கு எதையும் சொல்லித் தரல." அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அவசரகாலம் தணிந்து, பெரிய ஹெலிகாப்டர்கள் வந்ததும் பாதி வழியில் இறங்க வேண்டிய தேவை போயிற்று. கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். பலகையை யாரோ அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். சில வருடம் கழித்து அவரைக் கம்போங் ராஜாவில் பார்த்தேன். காய்கறி லாரிகளுக்கு எண்ணெய் போடும் இடத்தில் வேலை. லாரிக்கார சீனர் ஒருவர் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் போடச் சொன்னால் இந்த ஆள் எத்தனை கூடை முட்டைக்கோஸ், எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்று கணக்குக் கேட்கிறான், இவனுக்கென்ன அது என்று கத்தினார். இவர் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் வரும்வரை அசையாமல் நின்றார். லாரிக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

என் மகளுக்கு உடம்புக்கு வந்தது அதற்கெல்லாம் முன்பு, கொட்டாய் இருந்த காலத்தில். அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. தாப்பா சடக்கு இரண்டு மூன்று இடத்தில் சரிந்துவிட்டது. மகளுக்குத் தொண்டை வலி என்று தொடங்கியது. மறுநாள் கழுத்து வீங்கி, முகமும் கழுத்தும் ஒன்றாகிவிட்டது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் விளக்கைப் பிடித்துத் தொண்டைக்குள் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்து மூடிக்கொண்டு வந்தது. தொண்டை அடைப்பான் என்றார். அதற்கான ஊசிமருந்து அவரிடம் இல்லை. ஈப்போவுக்குப் போனால் உண்டு என்றார். சடக்கு திறக்கக் காத்திருக்கலாமா என்று என் கணவர் கேட்டார். டிரஸ்ஸர் தலையை ஆட்டி மறுத்தார்.

அன்று காலையில் ஒரு தட்டான் காட்டிலிருந்து வந்து முகட்டில் இறங்கியது. காலில் குண்டடிபட்ட ஒரு சிப்பாயை ஈப்போவுக்குக் கொண்டுபோகிற வழி. துரையும் என் கணவரும் ஓடினார்கள். நான் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். அவள் மூச்சு இழுக்கும்போது மரம் அறுக்கிற சத்தம் வந்தது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, தாடையைத் தூக்கிப் பிடித்தால்தான் மூச்சு போயிற்று. பிடியைச் சற்றுத் தளர்த்தினால் உதடு நீலமாயிற்று.

பைலட் இளைஞர். துரை கேட்டதும் யோசித்துப் பார்த்துச் சரி என்றார். பிள்ளையையும் அம்மாவையும் அடிபட்டவனுக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார வைக்கலாம், கோட்டுக்குக் கீழே எண்ணெய் இருந்தால் எழும்பிவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். கோப்பரல் கம்பியில்லாத் தந்தியில் அனுமதி கேட்கக் கூடாரத்துக்குள் போயிருந்தார்.

இதற்குள் என் கணவர் எண்ணெய்க்காரரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பிள்ளையை ஏற்றப் போகிறார்கள் என்று மட்டும்தான் சொன்னாராம். அவர் காதில் அது ஒன்றுதான் விழுந்தது. அந்தப் பிள்ளை போகிறது, மலைக்கு மேலே, மேகத்துக்குள்ளே, ஈப்போ வரைக்கும். பம்பைப் பிடித்தவர் நிறுத்தவில்லை. நான் முகட்டில் ஏறி வந்தபோது மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பயப்படாதீங்க டீச்சரம்மா. வழியில நிக்காது. விளிம்பு வரைக்கும் ஊத்திட்டேன்" என்றார்.

அது எனக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது.

ஏறி உட்கார்ந்தோம். சிப்பாய் மருந்து மயக்கத்தில் சாய்ந்து கிடந்தான். மேலே இறக்கைகள் சுற்றின. ஓர் ஆள் முழங்கால் உயரம் எழும்பியது, நடுங்கியது, திரும்பத் தரையில் உட்கார்ந்தது. பைலட் மறுபடியும் முயன்றார். மறுபடியும் உட்கார்ந்தது. எண்ணெய் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தார். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு பிரிஞ்சாங் பக்கம் கையைக் காட்டினார். மேகம் மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தது.

கனம் தாங்கவில்லை, மேகம் மூடிவிட்டால் யாருமே போக முடியாது, பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு இறங்குங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கெட்டவர் இல்லை.  எனக்கு அந்த ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லாகப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். நான் இறங்கினால் அவள் தாடையை யார் பிடிப்பார்கள்?

எண்ணெய்க்காரர் இறக்கைகளுக்குக் கீழே குனிந்து ஓடி வந்தார். "என்ன சொல்றான் டீச்சரம்மா?"

"கனமாம். நான் எறங்கணுமாம்."

அவர் தொட்டியின் மூடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

"நீங்க கனமில்ல. நான் ஊத்துனதுதான் கனம்" என்றார். "எறங்காதீங்க. மெஷின அணைக்கச் சொல்லுங்க. நானே எடுத்துர்றேன்."

பைலட்டிடம் சொன்னேன். அவர் மேகத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

ஊற்றுகிற பம்பால் எடுக்க முடியாது. ஒரு ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை வாய் நிறைய வந்து மூச்சில் போய்விட்டது. மடங்கி இருமினார். குழாய் நழுவியது. மறுபடியும் எடுத்து வாயில் வைத்தார். என் கணவர் "நான் செய்றேண்ணே" என்று கையை நீட்டினார். அவர் தோளால் தள்ளிவிட்டார். மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ எண்ணெய் ஓட ஆரம்பித்தது. பிடிக்கத் தகரம் கொண்டுவர நேரமில்லை. குழாயைச் சரிவுப் பக்கம் திருப்பித் தேயிலைச் செடிகளின் மேல் விட்டார். உடைந்த தகரத்தின் அடியில் கிடந்ததைக்கூட வழித்து எடுத்தவர், பச்சை எண்ணெய் செடிகளுக்கு நடுவே ஓடையாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்பியை விட்டுப் பார்த்தார். "கோட்டுக்கு வந்துருச்சு."

பைலட் இன்னும் கீழே என்று விரலால் காட்டினார். நான் சொன்னேன்.

"இன்னுமா?" என்றார். விட்டார். மறுபடியும் கம்பி. "இன்னுமா டீச்சரம்மா? ஈப்போ வரைக்கும் வேணுமே."

"இன்னும் கொஞ்சம்ணே."

அவர் இருமிக்கொண்டே இன்னும் கொஞ்சம் விட்டார்.  பைலட் கட்டை விரலைத் தூக்கினார். எண்ணெய்க்காரர் குழாயை உருவினார். இன்ஜின் திரும்ப உயிர் பெற்றது. இந்த முறை எழும்பியது. விளிம்பைத் தாண்டிச் சாய்ந்தபோது அவள் தாடையை விடாமல் பிடித்துக்கொண்டேன். நான் கீழே பார்க்கவில்லை. பிள்ளையின் உதட்டின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் அந்த முள் இறங்குவதைப் பைலட் பார்த்துக்கொண்டிருந்தார். ஈப்போவில் ஒரு திடலில் இறங்கியபோது அது எங்கே நின்றது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அதற்குள் அடைப்பு முற்றிவிட்டதால் கழுத்தில் துளையிட்டு, மூச்சுக்கு ஒரு குழாய் வைத்தார்கள். சத்தம் நின்றது. குரலும் நின்றது. அந்த நோய் விழுங்குகிற தசையையும் தளர்த்திவிடும் என்று டாக்டர் சொன்னார். கொடுத்த பால் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. மூக்கில் இன்னொரு மெல்லிய குழாய் விட்டு, நர்ஸ் புனலால் பால் ஊற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன். விழுங்க ஆரம்பித்தால் பிழைத்துவிடுவாள், அதுவரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள்.

சடக்கு திறந்ததும் தோட்டத்து லாரியில் எண்ணெய்க்காரரைக் கொண்டுவந்து அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சுக்குள் போன எண்ணெய் காய்ச்சலாக மாறியிருந்தது. என் கணவர் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் கிடந்தார். பக்கத்தில் போனால் அவர் மூச்சில் இன்னும் பெட்ரோல் வாடை அடித்தது. சாப்பிட முடியவில்லை. எது கொடுத்தாலும் எண்ணெயாக மணக்கிறது என்றார். அவருக்கு உணவு இறங்காத அந்த நாட்களில், அவர் மனைவி கட்டிலடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் திருப்பி, அவனுக்கு இன்னும் கொஞ்சம் வை என்று கண்ணால் காட்டுவார்.

நான் இரண்டு வார்டுகளுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"பிள்ளை சாப்பிட்டுச்சா?"

"ம், சாப்பிட்டாண்ணே."

கண்ணை மூடிக்கொள்வார். நம்பினாரா என்று தெரியாது. நான் பேசும்போது அவரைப் பார்ப்பதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். மேகம் ஏறிக்கொண்டிருந்தபோது அந்த முகட்டில் அவரால் போன நேரம் எனக்கு மறக்காது. அவர் வாயில் அந்தக் குழாயை வைத்ததும் மறக்காது. இரண்டையும் கழித்துப் பார்த்து ஒரு விடை சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது.

ஒரு காலையில் நர்ஸ் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, மகளை என் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். கரண்டியில் கஞ்சித்தண்ணீர். வாய்க்குள் போயிற்று. கழுத்து அசைந்தது. நாங்கள் இருவரும் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் திரும்பி வரவில்லை. மகள் சத்தமில்லாமல் மறுபடியும் வாயைத் திறந்து காட்டினாள். போதும், மத்தியானம் பார்க்கலாம் என்று நர்ஸ் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நான் ஆண்கள் வார்டுக்கு ஓடினேன்.

"அண்ணே, இன்னைக்கு நெசமாவே சாப்பிட்டா."

அவர் கண்ணைத் திறந்தார். "அப்ப நேத்து?"

நான் அவர் கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன். அவரும் அதை விட்டுவிட்டார்.

"எவ்வளவு?"

"ஒரு கரண்டி. கஞ்சித்தண்ணி."

"மூக்குல வரலையே?"

"வரல."

எழுந்து உட்காரப் பார்த்தார். இருமல் வந்தது. மனைவி முதுகைத் தாங்கினாள். இருமி முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கேட்டுச்சா?"

"கேட்டா. வாயத் தொறந்து காட்டினா. நர்ஸ் குடுக்கல."

நர்ஸைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மனைவியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அவர் கையைப் பிடித்து அமர்த்தினாள். அவர் தலையணையில் மெதுவாகச் சாய்ந்தார்.

"குடுக்க வேணாம் டீச்சரம்மா" என்றார். "இன்னைக்கு அது போதும்."